25,000 வெள்ளிக்குள் ஓட்டி மகிழ ஒரு சிறிய கார்: மைவியா, சுவிப்டா, பழைய ஜிடிஐயா?

பிறைக்காரன்:

வணக்கம். நெடுநாளாக இங்கே வாசிப்பவன், எழுதுவது இப்போதுதான்.

வயது 24. வீடு பிறையில், வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். நாள்தோறும் பாலத்தைக் கடக்க வேண்டும். இதுவரை அப்பாவின் தானியங்கிக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். மிதித்தால் போகிறது, விட்டால் நிற்கிறது. அதைப் பற்றி வேறு எதுவும் சொல்வதற்கில்லை. சொந்தமாக வாங்குவதாவது, வேலை எதுவும் இல்லாவிட்டாலும் சாவியை எடுக்கத் தோன்றும் காராக இருக்கட்டும் என்று பார்க்கிறேன்.

கையில் 25,000 வெள்ளி ரொக்கம். கடன் வாங்கப் போவதில்லை. கியர் கார்தான் வேண்டும். நண்பர்கள் எல்லாரும் தானியங்கிக்கு மட்டும் செல்லும் டிஏ உரிமம் எடுத்தபோது பிடிவாதமாக டி எடுத்தவன் நான்.

மனத்தில் இருப்பவை: 2011 இல் வந்த இரண்டாம் தலைமுறை பெரோடுவா மைவி 1.5 எஸ்இ, புரோட்டோன் சத்ரியா நியோ, 1.6 லிட்டர் சுசுகி சுவிப்ட் ஸ்போர்ட்டின் முதல் வரவு, புரோட்டோனின் பழைய சத்ரியா ஜிடிஐ. மைவியைத் தவிர வேறு பெயர் காதில் விழுந்தால் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்கிறார். அம்மாவுக்கு ஒரே நிபந்தனை: தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்வர முட்டி வலிக்காமல் ஏறி இறங்க வேண்டும்.

இவற்றை வைத்திருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். ஓட்டுவதற்கு எப்படி? வைத்துக் காப்பாற்றுவதற்கு எப்படி?

ஒன்பதாம்எண்:

மைவி. அடுத்த கேள்வி?

ஐந்தாம்கியர்:

தம்பி, ஜிடிஐ வைத்திருப்பவன் பேசுகிறேன். நடுநிலையை எதிர்பார்க்காதே.

புரோட்டோன் 1996 இல் இங்கிலாந்தின் லோட்டஸை வாங்கியது. அந்த உறவில் பிறந்த கார்களிலே இன்றும் ஆட்கள் தேடி அலைவது சத்ரியா ஜிடிஐயைத்தான். எஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி93, 1,834 சிசி, இரட்டைக் கேம், ஏறக்குறைய 140 குதிரைத்திறன். சஸ்பென்ஷனைச் சரிசெய்து கொடுத்தது லோட்டஸ். 140 குதிரைத்திறன் இன்று யாரையும் மிரட்டாது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் எஸ்யூவியிலேயே அதற்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த எஸ்யூவி தூக்கிச் சுமக்கும் எடையில் ஏறக்குறைய 300 கிலோ ஜிடிஐயில் கிடையாது.

ஓட்டுவது எப்படி என்று கேட்டாய். தெலுக் பஹாங் அணையைத் தாண்டித் தித்தி கெராவாங் பக்கம் ஏறு. சாலை குறுகல், ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், மறுபடி இரண்டாம் கியர். வேகமானி 60ஐத் தொட்டிருக்காது. ஆனால் கை, கால், கண், காது நான்குக்கும் இடைவிடாத வேலை. முன்சக்கரம் சாலையில் என்ன மிதிக்கிறது என்பது ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் விரலுக்குத் தெரியும். வளைவுக்குள் நுழையும்போது சற்றே ஆக்சிலரேட்டர் பெடலைத் தளர்த்தினால் பின்பக்கம் மெல்ல நகர்ந்து மூக்கை உள்ளே திருப்பிவிடும். முதல் தடவை வயிற்றைக் கலக்கும். பழகிய பின் அதற்காகவே போவாய். மழையில் மட்டும் அந்த விளையாட்டை மறந்துவிடு.

இனி மறுபக்கம். டைமிங் பெல்ட்டைக் கெடு தாண்ட விட்டால் அறுந்து வால்வை வளைத்துவிடும், பிறகு எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான். கதவு ரப்பர், டேஷ்போர்டு பிளாஸ்டிக், ஜன்னல் மோட்டார் எல்லாம் இருபது வருட வெயிலைத் தின்றவை. புதிதாகக் கிடைக்காதவற்றை ஹாஃப் கட் எனும் பழைய உதிரிபாகக் கடைகளில் கிளறித்தான் எடுக்க வேண்டும். சாலை வரி 297 வெள்ளி: 1,800 சிசிக்கு மேல் அடிப்படை 280, மீதமுள்ள ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. நியோவுக்கும் சுவிப்டுக்கும் மைவிக்கும் 90 வெள்ளியோடு முடிந்துவிடும்.

அம்மாவின் முட்டி பற்றி: இரண்டே கதவு. முன்னிருக்கை அம்மாவுக்கு, பின்னிருக்கை அப்பாவுக்கு. அவரைக் கேட்டுச் சொல்.

தாரணி_கேஎல்:

நான் கோலாலம்பூரில் முதல் தலைமுறை சுவிப்ட் ஸ்போர்ட் ஓட்டுகிறேன். இங்கே பெண்கள் கார் பற்றி எழுதினால் 'கணவர் காரா?' என்று கேட்கும் வழக்கம் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் பணம், என் பெயரில் கிராண்ட் (காரின் பதிவுப் பத்திரம்).

எஞ்சின் 1,586 சிசி. அந்த 14 சிசி குறைவுதான் சாலை வரியை 90 வெள்ளியில் நிறுத்துகிறது. 125 குதிரைத்திறன், ஐந்து கியர். கீழ்ச்சுழற்சியில் சாதுவாக இருக்கும், கடைக்குப் போகும் சாதாரண சுவிப்ட் என்றே நினைப்பீர்கள். நிமிடத்துக்கு 4,000 சுழற்சியைத் தாண்டியதும் குரல் மாறும். பிறகு கியர் மாற்ற மனம் வராது. டர்போ இல்லை என்பதால் மிதித்த அளவுக்குத்தான் வரும், மிதித்த கணத்தில் வரும். உலு யாம் சாலையில் ஞாயிறு விடியலில் மிதிவண்டிக்காரர்கள் கூடுவதற்கு முன்பு அதை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் வாரத்தில் ஐந்து நாள் நான் இருப்பது உலு யாமில் இல்லை, எல்டிபி நெடுஞ்சாலை நெரிசலில். கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் தனியாகத் தடித்துவிட்டதோ என்று சந்தேகம். சஸ்பென்ஷன் இறுக்கம். வேகத்தடை போடுவதில் நம் தாமான் குடியிருப்பாளர்களுக்கு இருக்கும் ஆர்வத்தை ஒவ்வொரு நாளும் முதுகெலும்பால் உணர்கிறேன். பின்பெட்டியில் இரண்டு அரிசி மூட்டை வைக்கலாம். மூன்றாவதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பிரிக்பீல்ட்ஸில் மற்றவர்கள் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் ஒரு சந்தில் நுழைத்து நிறுத்திவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அது சிறிய கார் வைத்திருப்பவர்களின் தனி இன்பம். ஜார்ஜ்டவுனில் இன்னும் அதிகம் பயன்படும்.

கதவு நான்கு உண்டு, அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. உங்கள் தொகைக்கு நல்லது கிடைப்பது கொஞ்சம் கடினம். கிடைத்தாலும் பழுதுபார்க்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஒன்பதாம்எண்:

அப்படியானால் புதிய சுவிப்ட் ஸ்போர்ட்? 1.4 டர்போ, ஒரு டன்னுக்கும் குறைவான எடை. 1,373 சிசிக்குச் சாலை வரி 70 வெள்ளிதான்!

தாரணி_கேஎல்:

சாலை வரி 70. கார் விலை 2021 இல் இங்கு வந்தபோது ஏறக்குறைய 140,000. சிறிய கார், சுறுசுறுப்பான கார், இரண்டும் சரி. 'மலிவான' என்பதை எந்த டோல் சாவடியில் இறக்கிவிட்டீர்கள்?

நியோமயம்:

நியோவுக்காகப் பேச யாரும் இல்லையா? நான் பேசுகிறேன்.

2006 இல் வந்தது. மூன்று கதவு உருவம், இன்று நிறுத்தி வைத்தாலும் பழையதாகத் தெரியாது. அதன் எஸ்2000 ரேலி வடிவத்தை ஓட்டி அலிஸ்டர் மெக்ரே 2011 இல் ஆசிய பசிபிக் ரேலிப் பட்டத்தை வென்றார். நம் வாசலில் நிற்பது அந்தக் கார் இல்லை என்பது தெரியும். ஆனால் வளைவில் தரையோடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் குணத்துக்கு ஓர் உறவு உண்டு. உட்காரும் நிலை தாழ்வு, கதவு கனம், நெடுஞ்சாலையில் இந்த விலைக்கு இவ்வளவு நிதானம் வேறு எதிலும் கிடைக்காது.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஆரம்பக் கேம்ப்ரோ எஞ்சினில் நடுச்சுழற்சியில் இழுவை சற்றுத் தொய்யும். பிறகு வந்த சிபிஎஸ் எஞ்சினில் அது சீராகி 125 குதிரைத்திறன் ஆனது. வாங்கினால் அதைத் தேடுங்கள்.

பின்னிருக்கை பற்றிக் கேட்காதீர்கள். அங்கே பைகளுக்குத்தான் இடம்.

வட்டப்பாதை:

எல்லாரும் குதிரைத்திறன் கணக்கில் இறங்கிவிட்டீர்கள். செப்பாங் பந்தயத் தடத்தில் பெரிய கார்களோடும் சிறிய கார்களோடும் சுற்றியவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்.

நம் நெடுஞ்சாலையில் உச்சவேகம் 110. கூட்டரசுச் சாலையில் 90. பினாங்குப் பாலத்தில் 80. முந்நூறு குதிரைத்திறன் வைத்திருப்பவன் மூன்றாம் கியரை முழுதாக இழுத்து முடிப்பதற்குள் இந்த எல்லைகள் எல்லாம் பின்னால் போய்விடும். அவன் காரின் பாதியைக்கூடப் பொதுச்சாலையில் பயன்படுத்த வழியில்லை. 100 குதிரைத்திறன் மைவியை நெடுஞ்சாலை நுழைவுப் பாதையில் முழுமூச்சாக ஓட்டினாலும் சம்மன் வராது. காரை மிச்சம் வைக்காமல் ஓட்டுகிற அந்த நிறைவு சிறிய காரில்தான் சட்டத்துக்குள் கிடைக்கிறது.

தடத்தில் கதை வேறு. செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, இரண்டு நீண்ட நேர்ப்பாதை. அந்த நேர்ப்பாதைகளில் சிறிய கார்க்காரன் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வழிவிட வேண்டியதுதான். ஆனால் வளைவுகளில் அவர்களைப் பிடித்துவிடுவான். அன்று மாலை பிரேக் பேடும் டயரும் அவர்களுக்குத் தீர்ந்திருக்கும், இவனுக்கு வீடு திரும்பவும் மிச்சமிருக்கும். எடை குறைவு என்பதன் முழு இலாபம் அங்கேதான் தெரியும். எரிபொருள், டயர், பிரேக், சக்கரத் தாங்கி, ஒவ்வொன்றிலும் செலவு இறங்கும்.

டயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எட்டாயிரம் வெள்ளிக்கு ஒலி அமைப்பும் இறக்கையும் போட்டுவிட்டு, கிடைத்த மலிவு டயரில் ஓடும் கார்களைப் பார்த்திருக்கிறேன். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான்.

கெலிசா_பாட்டி:

யாரும் கெலிசாவைச் சொல்லவில்லையே! மூன்றரை மீட்டர் நீளம், ஒரு லிட்டர் எஞ்சின், சாலை வரி 20 வெள்ளி. 2007 இல் உற்பத்தி நின்றது. விலை மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறது. கியர் போட்டு ஓட்டினால் கோ-கார்ட் போலத்தான். லாரி பக்கத்தில் வந்தால் கந்த சஷ்டி கவசம் தானாக வாயில் வரும்.

(பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பாட்டியிடமிருந்து வந்த கார்.)

பழைய_இரும்பு:

ஜெலுத்தோங்கில் ஒரு கார்ப் பட்டறையில் போர்மனாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் ஓட்டும் இன்பத்தைச் சொல்லிவிட்டீர்கள். தூக்கியில் ஏற்றிய பிறகு தெரிவதை நான் சொல்கிறேன்.

தம்பி பிறைக்காரன், இந்த வகைக் கார்களை வாங்கும்போது காரைப் பார்ப்பதற்கு முன் இதுவரை வைத்திருந்தவனைப் பார். இவை பெரும்பாலும் இளைஞர் கையிலிருந்து இளைஞர் கைக்கே போகின்றன. ஒவ்வொருவரும் எதையாவது கழற்றி, எதையாவது மாட்டியிருப்பார்கள். கழற்றிய அசல் பொருள் எங்கே என்று கேள். 'வீட்டில் பத்திரமாக இருக்கிறது' என்று சொல்லி எடுத்துக் கொடுப்பவன் காரை நம்பலாம். 'விற்றுவிட்டேன்' என்பவன் காரில் பத்து மடங்கு கவனம் வேண்டும்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போ. முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடு. குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியருக்குக் கீழிறக்கும்போது உரசல் கேட்கிறதா பார். நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக மிதி. எஞ்சின் மட்டும் கத்தி, கார் அதற்கேற்ப வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021 ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று மயங்காதே. நம் வெயிலில் நின்றே கெட்டுப்போன டயர்கள் ஏராளம். ரப்பர் கல்லாகிவிட்டால் மழையில் பிடிக்காது.

அடுத்தது பிரேக் திரவம். இதை யாரும் கேட்பதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டிஓடி 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 பாகைக்கு இறங்கிவிடும். நம் தீவின் ஈரப்பதத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாதவன், துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவ் பக்கம் இறங்கும்போது பெடல் பஞ்சாகப் போகிறதே என்று திகைப்பான். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினால் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். கியர் கார் வாங்குகிறாய், அதன் முதல் பயன் அதுதான்.

ஹை-லோ அப்சார்பர் போட்டுத் தரையோடு இறக்கிய காரை வாங்காதே. சாலை பளிங்காக இருந்தால் சரி. நம் ஊரில் இறக்கிய கார்களின் கீழ்க்கை புஷ்ஷும் பால் ஜாயிண்டும் என் கடைக்குத்தான் வருகின்றன. எனக்கு வருமானம், உனக்கு முதுகுவலி.

பிறைக்காரன்:

ஐயா, மிக்க நன்றி. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு ஜிடிஐ விற்பனைக்கு இருக்கிறது. விலை என் தொகைக்குள். படத்தில் மிக அழகாக இருக்கிறது. போய்ப் பார்க்கலாமா?

ஐந்தாம்கியர்:

என் வயிறு எரிகிறது, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு.

பழைய_இரும்பு:

ஜிடிஐ அந்த விலைக்கு வருகிறது என்றாலே புருவத்தை உயர்த்து. சாதாரண 1.3, 1.5, 1.6 சத்ரியாக்களுக்கு ஜிடிஐ பம்பர், சக்கர விளிம்பு, இருக்கை எல்லாம் மாட்டி 'ஜிடிஐ' என்று விற்பது பழைய வழக்கம். எஞ்சினைக்கூட மாற்றியிருப்பார்கள், ஆனால் கிராண்டை மாற்றியிருக்க மாட்டார்கள். முதலில் கிராண்டைக் கேள். எஞ்சின் கொள்ளளவு 1,834 என்று இருக்க வேண்டும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனையிலேயே மாட்டும். விற்றவன் அதற்குள் தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பான்.

எஞ்சின் மாற்றுவது குற்றமில்லை. ஹாஃப் கட் என்பது ஜப்பானில் ஓய்வுபெற்ற காரை முன்பாதியாக வெட்டி இங்கே இறக்குவது, அதிலிருந்து நல்ல எஞ்சின் கிடைக்கும். சின்னஞ்சிறு கஞ்சில் காரில் 659 சிசி டர்போவை ஏற்றியவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. ஆனால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் அனுமதி பெற்று, பரிசோதனை முடித்து, கிராண்டில் பதிந்திருக்க வேண்டும். பதியாத எஞ்சின் உன் மடியில் கட்டிய நெருப்பு.

நள்ளிரவுப்புலி:

[நெறியாளரால் நீக்கப்பட்டது]

பாலிக்புலாவ்_வாசி:

நீக்கப்படுவதற்கு முன் வாசித்துவிட்டேன். 'நள்ளிரவில் துன் சார்டோனுக்கு வாருங்கள், எது நல்ல கார் என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று அழைக்கும் அன்பருக்கு: நீங்கள் நேரம் பார்க்கும் அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. டுரியான் பருவத்தில் விடியும் முன்பே பழம் ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள் தோட்டங்களிலிருந்து விளக்கில்லாமல்கூட இறங்கும். என் மாமனாரும் அவர்களில் ஒருவர். அபாயகரமாக ஓட்டுவோருக்கான சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவு பற்றி நீதிமன்றத்தில் தெரிந்துகொள்ளலாம். மாமனார் பற்றி என்னிடம் தெரிந்துகொள்ளுங்கள்.

வட்டப்பாதை:

ஆமோதிக்கிறேன். போட்டி வேண்டுமென்றால் தடம் இருக்கிறது. எதிரில் யாரும் வரமாட்டார்கள்.

நெறியாளர்:

இழையின் பொருளுக்குத் திரும்புவோம்.

முகவர்_சுங்கை:

காப்புறுதித் துறையில் இருப்பவன். பிறைக்காரன் கேட்காமல் விட்ட செலவு இது.

உங்கள் பெயரில் முதல் கார் என்றால் கோரலற்ற கழிவு (இழப்பீடு கோராமல் இருந்தால் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பூஜ்யத்தில் தொடங்கும். முதலாண்டு முடிந்ததும் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55. அப்பாவின் 55 உங்களுக்கு வராது. அது காருக்கு அல்ல, ஆளுக்கு. 'அப்பா பெயரில் கார், நான் ஓட்டுகிறேன்' என்று செய்பவர்கள் உண்டு. செய்தால் ஓட்டுநர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள்.

வயதான கார்களுக்கு முழுக் காப்பு தரப் பல நிறுவனங்கள் தயங்கும், மூன்றாம் தரப்பு மட்டும் என்பார்கள். ஜிடிஐயைப் பொறுத்தவரை இது பெரிய விஷயம். சந்தை மதிப்பில் எடுத்தால், அந்த மதிப்பைச் சொல்லும் அட்டவணைக்கு உங்கள் காரின் பெருமை தெரியாது. கார் போனால் கையில் வரும் தொகையில் இன்னொரு ஜிடிஐ வாங்க முடியாது. ஒப்புக்கொண்ட மதிப்பில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

பிறகு, மாற்றங்கள். எஞ்சின், டர்போ, சஸ்பென்ஷன், எதைத் தொட்டாலும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாத பொருளுக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பது என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

ஐந்தாம்கியர்:

இவர் சொல்வது முழு உண்மை. என் காருக்குப் பாதுகாப்பு ஸ்டீரிங் பூட்டு, பெடல் பூட்டு, மறைசுவிட்சு, வாசலில் என் நாய். காப்புறுதி அதற்கப்புறம்தான்.

பிறைக்காரன்:

போய் வந்தேன்.

புக்கிட் மெர்தாஜாம் ஜிடிஐயின் கிராண்டில் 1,468 சிசி. விற்பவர் 'அச்சுப் பிழை' என்றார். ஐயா சொன்னபடி நன்றி சொல்லித் திரும்பிவிட்டேன்.

அங்கிருந்து சுங்கை பட்டாணியில் ஒரு சுவிப்ட் ஸ்போர்ட் பார்த்தேன். ஓட்டவும் கொடுத்தார்கள். தாரணி அக்கா சொன்ன அந்தக் குரல் மாற்றம்! வீடு வரும்வரை காதில் இருந்தது. கியர் நெம்புகோல் கையளவு தூரம்கூட நகர வேண்டியதில்லை. ஆனால் விலை என் தொகைக்கு மேலே. டயர் நான்கும் மாற்ற வேண்டியவை, ஹை-லோ போட்டு இறக்கியிருக்கிறார்கள், அசல் அப்சார்பர் 'விற்றாகிவிட்டது'.

நேற்று பட்டர்வொர்த்தில் மைவி 1.5 எஸ்இ, கியர். ஒரே உரிமையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர். எதையும் கழற்றவில்லை, எதையும் மாட்டவில்லை, பராமரிப்புச் சீட்டு முதல் நாளிலிருந்து கோப்பில் இருக்கிறது. ஓட்டியபோது எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. உடம்பு உயரம், வளைவில் சாய்கிறது, ஸ்டீரிங்கில் சுவிப்டின் கூர்மை இல்லை. ஆனால் எஞ்சின்! அந்த எடைக்கு 1.5 தாராளம். மூன்றாம் கியரில் விட்டால் நிற்காமல் இழுக்கிறது. வாங்கிய பிறகும் ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் கையில் இருக்கும்.

சுவிப்டை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மைவியைக் கணக்குப் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது. என்ன செய்ய?

ஒன்பதாம்எண்:

இழையின் இரண்டாவது பதிவைப் பார்க்கவும்.

ஐந்தாம்கியர்:

ஒரு வருடம் காத்திரு. இன்னும் சேர். நல்ல ஜிடிஐ வரும். என் நண்பர் ஒருவர் திருமணம் செய்யப் போகிறார், எப்படியும் விற்பார்.

தாரணி_கேஎல்:

சுவிப்ட்காரியாக இருந்தும் சொல்கிறேன், அந்தச் சுவிப்டை விடுங்கள். இறக்கிய கார், பழைய டயர், கையில் மிச்சமில்லாத பை. மூன்றும் சேர்ந்தால் அது ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகமாக இருக்கும். இந்த வகைக் காரின் இன்பமே பயமில்லாமல் ஓட்டுவதில் இருக்கிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் 'இது எவ்வளவு ஆகும்?' என்று எண்ணிக்கொண்டு ஓட்டினால் எதற்கு?

மைவியின் சாய்வைக் குறைக்கலாம். அசல் உயரத்திலேயே சற்று இறுக்கமான நல்ல அப்சார்பர், நல்ல டயர், அவ்வளவு போதும். இரண்டாம் தலைமுறைக்குப் பொருள்கள் ஒவ்வொரு ஊரிலும் கிடைக்கும், விலையும் கடிக்காது. அதோடு, மூன்றாம் தலைமுறையில் 1.5க்குக் கியர் கொடுக்கவே இல்லை. 1.3 இல் மட்டும் கொடுத்தார்கள், 2021 மாற்றத்தோடு அதையும் எடுத்துவிட்டார்கள். கியரோடு 1.5 மைவி வேண்டும் என்றால் இதுதான் கடைசி வாசல்.

நியோமயம்:

நியோவைப் பார்க்கவே இல்லையா தம்பி? ஒன்றுகூடவா?

பிறைக்காரன்:

பார்த்தேன் அண்ணே. அம்மா பின்னால் ஏறிப் பார்த்தார். இறங்கிய பிறகு என்னிடம் பேசவில்லை.

வட்டப்பாதை:

மைவியை வாங்கு. முதலில் பிரேக் திரவம், பேட், டயர். இந்த மூன்றும் முடியும்வரை வேறு எதற்கும் பணத்தை எடுக்காதே. குறிப்பாக எக்ஸாஸ்ட். சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காதுதான் நினைக்கும், கடிகாரம் நினைக்காது. ஆறு மாதம் அப்படியே ஓட்டு. காரில் எது குறை, உன் ஓட்டுதலில் எது குறை என்று அதற்குப் பிறகுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

பிறைக்காரன்:

ஆசிரியருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். உரிமை மாற்றம் அடுத்த வாரம். அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு 'கியர் காரா? நான் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்' என்கிறார். கொடுப்பதா என்று யோசிக்கிறேன்.

ஐயா பழைய_இரும்பு, உங்கள் கடைக்குக் கொண்டுவரலாமா? திரவங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். டயர் 2018 இல் செய்தது.

பழைய_இரும்பு:

சனிக்கிழமை காலை கொண்டு வா, ஒரு மணிக்கு அடைத்துவிடுவேன். கியர்பாக்ஸ் எண்ணெயும் சேர்த்து மாற்றுவோம், அதைப் பெரும்பாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டயரை வாங்கிக்கொண்டு வராதே. முதலில் தூக்கியில் ஏற்றி அலைன்மெண்டையும் புஷ்ஷையும் பார்க்கிறேன். புஷ் போயிருந்தால் புது டயரை ஒரே மாதத்தில் ஒருபக்கமாகத் தின்றுவிடும். பராமரிப்புக் கோப்பையும் எடுத்து வா.

ஐந்தாம்கியர்:

நண்பர் திருமணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். ஜிடிஐ இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை.